கட்டைவிரல் சம்மதம்

போன மாதம் சி ரூசாவில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் உங்களுக்குப் பயிற்சி நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நீங்கள். அதே வேலையில் கிடந்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய ஆலோசகர் கோட்டு போட்டிருந்தார். திரையில் "வாக்காளர்களின் அலட்சியம்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஜனங்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினார். சோம்பேறித்தனமாம், அரசியல் அறிவு போதாதாம். நீங்களும் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பு எடுத்தீர்கள். என் முறை வந்தபோது சாப்பாடு வந்துவிட்டது. "அக்கா, சுருக்கமா ரெண்டு வார்த்தை-லா" என்றார் ஏற்பாட்டாளர். ரெண்டு வார்த்தையில் சொல்லக்கூடியது கெட்ட வார்த்தைதான். அதனால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

அலட்சியமா? தேர்தல் என்றால் ஜொகூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, தோட்டத்துப் பள்ளியில் வரிசையில் நின்று, ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு ஓடிய ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. நம்மைப் பார்த்துப் பார்த்துத்தான் அலுத்துப் போனார்கள். நம்மை என்றால், ஒய்பி என்று நாம் கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினரை மட்டும் சொல்லவில்லை. அவருக்குக் குடை பிடிக்கும் நம்மையும் சேர்த்துத்தான். நாம் செய்யும் வேலை என்ன? அன்பளிப்புக் கூடை கட்டுவோம், பதாகை மாட்டுவோம், நாற்காலி அடுக்குவோம். யாராவது கேள்வி கேட்டால் "ஒய்பி கிட்ட சொல்றோம்" என்போம். இதற்குப் பெயர் மக்கள் சேவை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேலை எப்படிச் செய்வது என்று இதில் தேடாதீர்கள். அதைப் பத்து நாளில் கற்றுக்கொள்வீர்கள். அது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை.

லாபு பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரம், அப்புறம் எண்ணெய்க்குச் செம்பனை. அதை ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சம் இருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டும். எங்கள் ஒய்பி தலையிட்டார். நிறுவனத்தோடு பேசினார், ஒரு தீர்வும் வாங்கினார். தோட்டத்து ஓரத்தில் ஐந்து மாடியில் அடுக்குமாடி கட்டி, குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளம் முழுக்கக் கடை. இதை அவர் பேசி முடித்த பிறகுதான் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொன்னார்.

சொன்ன விதத்தையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூடாரம் போட்டு பிரியாணி. தோட்டத்துத் தலைவர் வரவேற்புரை. அந்தத் தலைவரை நாங்கள்தான் நியமித்தோம். அவர் குடியிருந்தது சிரம்பானில், டவுன்காரர்கள் வீடு வாங்கும் ஒரு தாமானில். தோட்டத்துக்கு வருவது கூடாரம் போட்டால் மட்டும். பிறகு ஒய்பி பேசினார். "உங்கள் வாழ்க்கை உயரப் போகிறது" என்றார். அது வரைக்கும் உண்மைதான், ஐந்து மாடி உயரம். கேள்விக்கு நேரம் இல்லை. அடுத்த நிகழ்ச்சி காத்திருந்தது. கடைசியில் நம் ஊர் வழக்கப்படி குரூப் போட்டோ. நம் ஆட்கள் எந்தக் கூட்டத்தையும் போட்டோ எடுக்காமல் முடித்ததில்லை. சாவு வீட்டில் மட்டும்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. போட்டோக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று, "எல்லாரும் கட்டவிரல தூக்குங்க! சிரிங்க! பின்னால நிக்கிற அம்மா, உங்களத்தான்!" என்று கத்தினார். எல்லோரும் தூக்கினார்கள், சிரித்தார்கள்.

பின்னால் நின்ற அம்மாவின் பெயர் சரோஜா. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. புருஷன் மாரிமுத்து அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். சர்க்கரை வியாதி முற்றி முழங்காலுக்கு மேல் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலிதான். லயத்து வீட்டு வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார் சரோஜா. அதில் தானே உருட்டிக்கொண்டு இறங்கி, ஒட்டுக்கடைக்குப் போய், தேத்தண்ணி குடித்து, ஊர் வம்பு பேசி வருவார் மனுஷன். இவர்களுக்கு ஒதுக்கியது நாலாவது மாடி.

அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். குறிப்பு எடுக்க நான் போயிருந்தேன். நிறுவனத்து மேலாளர் திரையில் அந்தப் போட்டோவைப் போட்டார். அத்தனை கட்டைவிரல்கள். "குடியிருப்பாளர்கள் ஒருமனதாக ஆதரிக்கிறார்கள்" என்றார். அதிகாரி ஒய்பியைப் பார்த்தார். ஒய்பி தலையாட்டினார். கூட்டம் முடிந்து தின்னக் கரிபாப் வந்தது.

காரில் திரும்பும்போது சொன்னேன். "ஒய்பி, அது போட்டோவுக்குத் தூக்குன வெரலு."

"அக்கா, யாரும் அங்க எதுத்துப் பேசலயே."

"பேச எங்க விட்டோம்?"

"நீங்க டென்ஷன் ஆகாதீங்க-லா. வீடு கெடைக்குதா இல்லையா?" என்று கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். மோசமான ஆள் என்று நினைக்காதீர்கள். கேட்டால் உதவுவார். சாவுக்கு வருவார், கல்யாணத்துக்கு வருவார். அந்த ஜனங்களுக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினார். அயோக்கியன் என்றால் சண்டை போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்டவரை என்ன செய்வீர்கள்?

விஷயம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் சரோஜா சேவை மையத்துக்கு வந்தார். தோட்டத்து ரப்பர் சப்பாத்து, தலையில் துண்டு. வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்.

"நாங்க எப்பக்கா சம்மதிச்சோம்?"

"வெரல தூக்குனீங்கன்னு சொல்றாங்க."

"போட்டோக்காரன் தூக்கச் சொன்னான், தூக்குனோம். பல்ல காட்டச் சொன்னான், அதையுந்தான் காட்டுனோம். அதுக்கு என்னா அர்த்தம் வச்சிருக்கீங்க உங்க ஆபீஸ்ல?"

தலைத் துண்டை அவிழ்த்து உதறினார்.

"நாலாவது மாடிக்கு அந்த மனுசன ஒரு தடவ தூக்கிட்டுப் போயிரலாம்க்கா. நாலு பையனுங்க வந்தா ஆச்சு. அப்பறம்? எறக்குறது யாரு? உள்ளயே வச்சுப் பூட்டிற வேண்டியதுதான். ஜெயிலுக்குப் போனாக்கூட காத்தாட வெளிய விடுவானுங்க." அழவில்லை அவர். கோபத்தில் இருந்தார். "வர்ற எலெக்ஷன்ல எங்க லயத்துல ஒருத்தரும் ஓட்டுப் போட மாட்டோம். போயி சொல்லுங்க."

உங்களிடம் ஒருத்தர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார வைத்து, மைலோ கொடுத்து, "உங்கள் உணர்வு புரிகிறது" என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்புவீர்கள். நானும் பல வருஷம் மைலோ கலக்கியவள்தான். அன்று உண்மையைச் சொன்னேன்.

"போடாதீங்க. ஒய்பிக்கு ஒரு தலைவலி மிச்சம். ஓட்டுப் போடாதவங்களப் பாத்து எவனும் பயந்ததா நான் பாக்கல. பஸ் வச்சு வெளியூர் ஆளுங்களக் கூட்டியாந்து அதே பெட்டிய ரொப்பிருவோம். அந்த வேலையப் பாக்குறதே நான்தான்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஓட்டுப் போடுங்க. எங்களுக்கு இல்ல, உங்களுக்கு. ஃப்ளாட்டா, இல்ல மாடி இல்லாத தரை வீடு கேட்டு நிக்கிறதான்னு நீங்களே ஓட்டெடுப்பு வைங்க. பேசுறதுக்கும் உங்க ஆளையே தேர்ந்தெடுத்து அனுப்புங்க. போட்டோவ வச்சுக்கிட்டு ஒருமனதுன்னு சொன்னாங்கள்ல, ஒருமனசா இல்லையான்னு அப்பத் தெரியும்."

சம்பளம் கொடுப்பவருக்கு எதிராக வேலை செய்தேனா என்று கேட்பீர்கள். எனக்குச் சம்பளம் அரசாங்கப் பணத்திலிருந்து வந்தது. உங்களுக்கும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். வந்ததும் சண்டை. யாருக்கு ஓட்டு என்பதில்தான் முதல் சண்டை. கோயில் தலைவர் பழைய தோட்ட வழக்கப்படி வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றார். கோயில் வரி எடுப்பதும் அப்படித்தான், திருவிழா முடிவு செய்வதும் அப்படித்தான்.

"என் வீட்டு ஓட்டு என் மாமனாருதா?" என்று ஒரு பெண் எழுந்தாள். "அவரு துரை காலத்துலேருந்து எல்லாத்துக்கும் சரிங்கய்யான்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காரு!"

மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சரிம்மா" என்றார். மண்டபமே சிரித்தது. பதினெட்டு வயசு ஆன எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவானது.

அடுத்தது, எப்போதோ செனாவாங் பக்கம் குடி போனவர்கள். அடையாளக் கார்டில் இன்னும் தோட்டத்து முகவரிதான். அதனால் சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் இங்கேதான் ஓட்டுப் போடுவார்கள். அவர்களில் சிலர் மோட்டாரில் வந்து நின்றார்கள். குணா என்ற இளைஞன் அவர்களைப் பார்த்துக் கேட்டான், "அண்ணே, நேத்து எங்க தூங்குனீங்க?"

"செனாவாங்ல. ஏன்?"

"அப்ப அங்க போயி ஓட்டுப் போடுங்க. இங்க எந்த வீட்ல தூங்கப் போறோம்கிறதப் பத்தி பேசிக்கிட்டு இருக்கோம்."

அரசியல் சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். முடிவை அனுபவிக்கப் போகிறவன் முடிவு எடுக்க வேண்டும். நம் நாட்டில் நகராண்மைக் கழக உறுப்பினரைக் கட்சிதான் நியமிக்கிறது. தோட்டத்துத் தலைவரை நாம் நியமிக்கிறோம். ஒரு காலத்தில் உள்ளூர் மன்றங்களுக்கும் தேர்தல் நடந்தது. அதை நிறுத்தி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. குப்பை லாரி வரவில்லை என்றால் ஜனங்கள் யாரை வீட்டுக்கு அனுப்புவது? யாரையும் முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுச்சீட்டில் ஒரு கட்டத்தில் கோடு போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தால், கோட்டு போட்ட ஆலோசகர் திரையில் "அலட்சியம்" என்று எழுதுவார்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். ஓட்டெடுப்பு தொடங்கும் நேரத்தில் தோட்டத்துத் தலைவர் கார் போட்டு வந்துவிட்டார். "இது செல்லாது. யார கேட்டு கூட்டம் போட்டீங்க?" என்றார். "ஒங்கள கேக்கலாம்னு வந்தோம் தலைவரே, ஒங்க வீடு எந்த லயம்னு தெரியல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் ஒய்பிக்குப் போன் போட்டார். உடனே ஒய்பி எனக்குப் போட்டார்.

"அக்கா, நீங்க அங்கயா இருக்கீங்க? உடனே நிறுத்துங்க. கையெழுத்து ஆகப்போற நேரத்துல ஒரு கலாட்டான்னு கம்பெனி பின்வாங்கிட்டா, யாருக்கு நஷ்டம்? அவங்களுக்குத்தான்."

பொய்யான பயம் என்று சொல்ல முடியாது. நிறுவனம் கோபித்துக்கொண்டு, அந்த ஃப்ளாட்டும் இல்லை என்று ஆகியிருக்கலாம். மண்டபத்தில் அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். சேவை மையத்து அக்கா சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிற ஜனங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்தால், ஒய்பி செய்ததையே நானும் செய்ததாக ஆகிவிடும். ஆபத்து அவர்களுடையது. அதை எடுப்பதா விடுவதா என்பதும் அவர்கள் இஷ்டம்தான்.

"ஒய்பி, ஸ்பீக்கர்ல போடுறேன். என்கிட்ட சொன்னத அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லுமுன் போட்டுவிட்டு, கோயில் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு மேடைக் குரல் வந்தது. "அன்பார்ந்த தோட்டத்து மக்களே..." நிறுவனம் பின்வாங்கலாம் என்பதைச் சொன்னார். அது அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், "நான் எப்பவும் உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

சரோஜா மைக்குப் பக்கம் வந்தார். "ஒய்பி, நாலாவது மாடிக்கு எங்க வீட்டுக்காரர யாரு தூக்கிட்டுப் போவா? நீங்க வர்றீங்களா?"

"அம்மா, அது நான் பேசிப் பாக்குறேன்-லா."

"பேசி முடிச்சிட்டேன்னு போன ஞாயித்துக்கெழம சொன்னீங்க. இப்ப பேசிப் பாக்குறேங்கிறீங்க. எத மொதல்ல செஞ்சீங்க?"

தொடர்பு அறுந்துபோனது. லாபுவில் அந்த இடத்தில் எப்போதும் சிக்னல் முழுசாக வரும்.

பயந்து இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு பழைய ரப்பர்ப் பால் வாளி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. ஃப்ளாட் என்றால் இடது வாளி, தரை வீடு என்றால் வலது வாளி. கொட்டை விழும் சத்தத்தில் எந்த வாளி என்று வெளியே தெரிந்துவிடும் என்று ஒருத்தி சொல்ல, இரண்டின் அடியிலும் துண்டு விரித்தார்கள். தேர்தல் ஆணையம் நடத்திய தேர்தல் பலவற்றில் நான் வேலை செய்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக நடந்ததை அங்கே பார்த்தது குறைவு.

சரோஜா தோற்றார்.

ஆமாம், தோற்றார். ஃப்ளாட் வாளிதான் நிறைந்தது. குணாவைப் போன்ற இளைஞர்கள் செனாவாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். தரை வீட்டுக்காக இன்னும் எத்தனை வருஷம் இழுபறியில் கிடப்பது, மழையில் ஒழுகும் லயத்தில் பிள்ளைகளை எப்படிப் படுக்க வைப்பது என்று யோசித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஜனங்களிடம் விட்டால் நாம் விரும்பும் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கும் வரவில்லை.

சரோஜா சக்கர நாற்காலியைத் தள்ளப் போனார். மாரிமுத்து சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "இரு. இன்னும் ஆள் தேர்ந்தெடுக்கல. அதையும் பாத்துட்டுப் போவோம்."

அப்போது குணா எழுந்தான். அவன் ஃப்ளாட்டுக்குப் போட்டவன், அதை வெளிப்படையாகவே சொன்னவன். "நமக்கு ஃப்ளாட்டு வேணும், சரி. அதுக்காக மாரிமுத்து மாமாவ மேல கொண்டு போயி காயப் போடவா சொன்னோம்? கீழ கடைதான் கட்டணும்னு எவன் சொன்னான்? என்னை அனுப்பறதா இருந்தா சரோஜா அத்தையும் வரணும். இல்லன்னா நான் போகல." இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள். பேசிவிட்டு வந்த அன்றைக்குச் சாயந்திரமே மண்டபத்தில் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆள்.

மாவட்ட அலுவலகத்தில் இவர்களை உள்ளே விடவே யோசித்தார்கள். "ஒய்பி இருக்கும்போது நீங்கள் யாருடைய பிரதிநிதி?" என்று கேட்டார் அதிகாரி. "தேர்ந்தெடுத்தவங்களோட" என்றான் குணா. ஒய்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் மலாயில் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன். கீழ்த்தளம் கடைகளுக்கு என்று மேலாளர் வரைபடத்தைக் காட்டினார்.

"கடை வச்சு யாருக்கு விப்பீங்க?" என்று கேட்டார் சரோஜா. "சாமான் வாங்குற கெழடு கட்டையெல்லாம் மேல மாட்டிக்கிட்டு இருக்கும்."

அதிகாரி சிரித்துவிட்டார். மேலாளர், பரிசீலிப்பதாகச் சொன்னார்.

"சாயந்திரம் மண்டபத்துல போயி நான் என்ன சொல்லட்டும்?" என்றான் குணா. "பரிசீலிக்கிறாங்கன்னு சொன்னா என்னை மாத்திருவாங்க. சரியா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இல்லைன்னாலும் பரவால்ல, அப்படியே போயி சொல்றேன். அப்பறம் அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

மேலாளர் வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். கடைகளில் பாதியை வீடாக மாற்றலாம் என்றார். நடக்க முடியாதவர்களுக்கும் வயசானவர்களுக்கும் கீழ் வீடு. அவ்வளவுதான். ஒரு போன். இதை முன்பே கேட்க எங்கள் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களில் யாரும் அந்தப் படியில் ஏறப் போவதில்லையே.

அதற்குப் பிறகு என்னைத் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு வரைக்கும் அதுதான். வருத்தம் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை.

ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்னால் தேர்தல் வந்தது. அந்த ஃப்ளாட்டுக்கு யாரை அனுப்பினாலும் பேசாமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்று, வேறு வழி இல்லாமல் என்னை அனுப்பினார் ஒய்பி. போனேன். சரோஜா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கடை காலியாகக் கிடந்தது. அதற்குள் பெரிய கூச்சல். எட்டிப் பார்த்தேன். குடியிருப்பாளர் கூட்டம். குப்பைத் தொட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒருத்தரை ஒருத்தர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் மாரிமுத்து, எல்லோரையும் விடச் சத்தமாக. குணா ஏதோ சொல்ல வர, "நீ உக்காருடா, ஒன்ன போன மாசமே மாத்தியாச்சு" என்றார்.

சரோஜா என்னைப் பார்த்து வாசலுக்கு வந்தார்.

"வாங்கக்கா. என்னா, ஒய்பி அனுப்புனாரா?"

"ஆமா. உள்ள வந்து ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போகலாமா?"

"கூட்டம் நடக்குதுக்கா. இங்க குடியிருக்கிறவங்க மட்டுந்தான் உள்ள." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வெளியே நிழலில் போட்டார். "உக்காருங்க. முடிச்சிட்டுக் கூப்புடுறோம். கூப்புடணும்னு முடிவானா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் உட்கார்ந்து காத்திருந்தேன். இந்த வேலையில் அத்தனை வருஷத்தில் நான் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.